உடைமையாளர் உள்ள ஆடுகளம்: கைப்பேசிப் போர்விளையாட்டு ஒன்றைப் பற்றிய திறனாய்வு

நூலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வுக்குரியனவாக நாம் நெடுநாட்களுக்கு முன்னரே ஏற்றுக்கொண்டோம். ஆனால் விளையாட்டு என்றதும் நம் மனப்பான்மை மாறிவிடுகிறது. அதிலும் கைப்பேசியில் ஆடப்படும் விளையாட்டு என்றால், ஆராய்ச்சிக்கு இடமின்றியே தீர்ப்பு முந்திக்கொள்ளுகிறது. 'காலத்தைக் கொல்லும் கருவி' என்று ஒரு சொல்லில் அதனைத் தள்ளிவிட்டு, ஆலயத்தின் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் வாலிபனைக் கடிந்துகொள்ளுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். படியாத நூலுக்கு மதிப்புரை எழுதுபவனை நாம் நேர்மையற்றவன் என்போம். காணாத ஆட்டத்தைக் கண்டிப்பவனை என்னென்று சொல்லுவது?

இவ்வெண்ணம் நம்மில் எழக் காரணமாயிருந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கின் பொருட்டு நாம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகருக்குச் சென்றிருந்தோம். மாலை அமர்வு முடிந்தபின், இறையியல் மாணவர் ஐவர் விடுதித் திண்ணையில் வட்டமாக அமர்ந்து தத்தம் கைப்பேசியை நோக்கியவண்ணம் ஒருவரையொருவர் உரத்த குரலில் அழைத்துக்கொண்டிருந்தனர். நாம் அருகிற் சென்று, "இந்த ஆட்டத்தில் நீங்கள் யாரைக் கொல்லுகிறீர்கள்?" என்று சற்றே ஏளனமாகக் கேட்டோம். அவர்களுள் இளையவர் புன்முறுவலுடன், தாம் யாரையும் கொல்லுவதில்லை என்றும், அந்த அணியில் மற்ற நால்வரும் மாண்டுவிடாதபடி காப்பதே தமது வேலை என்றும் விடையளித்தார். அவ்விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. அன்றிரவு அவர் அருகில் அமர்ந்து பல ஆட்டங்களைக் கண்டோம். பின்னர்ப் பல போட்டிகளின் பதிவுகளையும் பார்த்தோம். அவற்றின் விளைவே இக்கட்டுரை.

நாம் ஆராய எடுத்துக்கொண்ட விளையாட்டின் பெயர் 'மொபைல் லெஜண்ட்ஸ்: பேங் பேங்'. சீனாவின் ஷாங்காய் நகரத்து மூன்டன் நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, மலேசியா, மியான்மர் ஆகிய தென்கிழக்காசிய நாடுகளில் இது தெருமுனைப் பந்தாட்டம்போல் மக்களிடையே பரவியுள்ளது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளுள் இதுவும் ஒன்றாதலின், நம் வாசகரிற் பலர் இதனை நேரிற் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் இந்த இனத்தைச் சேர்ந்த ஆட்டங்களின் நன்மை தீமைகளை ஆராய இதனினும் தெளிவான சான்று வேறில்லை என்பது நம் கருத்து.

1. களத்தின் நீதி

முதலாவது, ஆட்டத்தை உள்ளபடி விளக்குவோம். ஓர் அணிக்கு ஐவராக இரண்டு அணிகள். சதுரமான ஒரு நிலப்பரப்பின் எதிரெதிர் மூலைகளில் இரு அணியினருக்கும் ஒவ்வொரு தளம் உண்டு. இரு தளங்களையும் மூன்று பாதைகள் இணைக்கின்றன. பாதைகளின் நெடுகக் காவற்கோபுரங்கள் நிற்கின்றன. இடைப்பட்ட பகுதி காடு. எதிரியின் கோபுரங்களை ஒவ்வொன்றாக வீழ்த்திச் சென்று இறுதியில் அவர் தளத்தைத் தகர்ப்பவரே வெற்றி பெறுவர். ஓர் ஆட்டம் பெரும்பாலும் கால்மணி நேர அளவில் முடிந்துவிடும்.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட நாயகர்களுள் ஒருவரைத் தெரிந்துகொள்ளவேண்டும். முன்னின்று அடிதாங்குபவர், தொலைவிலிருந்து எய்பவர், மந்திர ஆற்றலுடையவர், மறைந்திருந்து தாக்குபவர், பிறரைத் தாங்கித் துணைநிற்பவர் என இவர்கள் பலவகைப்படுவர். ஒருவரே எல்லாமாக இருத்தல் இயலாது. எய்பவரின் கை வலியது, உடல் மெலியது. அடிதாங்குபவரின் உடல் வலியது, கை மெலியது. ஒருவரின் குறையை மற்றவர் நிரப்பினாலன்றி அணி நிலைக்காது. உறுப்புக்கள் பல, உடல் ஒன்று என்னும் பவுலடியாரின் உவமையை மாணவருக்கு விளக்க நாம் எத்தனையோ எடுத்துக்காட்டுக்களைத் தேடியிருக்கிறோம். அந்த ஐவர் திண்ணையில் அதனை விளக்கமின்றியே செய்துகொண்டிருந்தனர்.

இங்கே கருதத்தக்க கூறு ஒன்றுண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் பதின்மரும் முதற்படியிலிருந்தே தொடங்குகின்றனர். நேற்று வென்றவரும் நேற்றுத் தோற்றவரும் இன்று ஒரே படியில் நிற்கின்றனர். களத்தினுள் ஈட்டிய பொன்னும் ஆற்றலும் அந்த ஆட்டத்தோடு முடிந்துவிடும். பணங்கொடுத்து வாங்குபவை பெரும்பாலும் தோற்றத்தை அழகுசெய்பவையே. வெற்றியைத் தீர்மானிப்பவை கண், கை, மதி, ஒற்றுமை ஆகியவை. மேலும், விலையுயர்ந்த கணினி வேண்டுவதில்லை. எளிய கைப்பேசியும் சிறிதளவு இணையத் தொடர்பும் போதும். கணினி வாங்க வகையற்றிருந்த மீனவச் சிறுவனும் தொழிலாளியின் மகனும் செல்வர் வீட்டுப் பிள்ளையோடு ஒரே களத்தில், ஒரே படியில் நிற்க முடிந்தது. இவ்வாட்டம் அந்நாடுகளில் வேரூன்றியதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம். இந்தோனேஷிய இளைஞர் 'மபார்' என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். 'சேர்ந்து ஆடுதல்' என்பதன் குறுக்கம் அது. தனித்து ஆடுவதன்று, கூடி ஆடுவதே அவர்களை ஈர்ப்பது.

டச்சு அறிஞர் ஹூயிசிங்கா 1938-இல் வெளியிட்ட நூலில், விளையாட்டு என்பது அன்றாட வாழ்வினின்று பிரித்தெடுக்கப்பட்ட ஓரிடத்தில், எல்லாரும் மனமுவந்து ஏற்கும் விதிகளுக்குட்பட்டு நிகழ்வது என்று நிறுவினார். 1971-இல் இறையியல் அறிஞர் மோல்ட்மன் விளையாட்டைப் பற்றித் தனி நூலே எழுதி, பயன் என்னும் அளவுகோலால் மட்டும் மனிதனை அளக்கும் உலகத்துக்கு அதனை ஒரு மாற்றாகக் காட்டினார். இவ்விருவர் கண்ணோட்டத்தில் நோக்குமிடத்து, இந்தக் கால்மணி நேரக் களம் இகழத்தக்கதன்று. உலகத்தில் கிடைக்காத சமநிலை அங்கே கிடைக்கிறது.

2. நலமளிப்பவரின் வெற்றி

போர்விளையாட்டில் வன்முறையைத் தவிர வேறென்ன இருக்கமுடியும் என்பது இயல்பாக எழும் வினா. அதற்கு விடையாக ஒரு வரலாற்றைக் கூறுவோம்.

இவ்வாட்டத்தின் நாயகர்களுள் எஸ்டெஸ் என்பவர் ஒருவர். தாக்குவதில் அவருக்குச் சிறப்பில்லை. தம் அருகிலுள்ளோரின் காயங்களை ஆற்றுவதே அவருடைய ஆற்றல். புகழ்பெற விரும்பும் ஆட்டக்காரர் இத்தகைய நாயகரை எளிதில் தெரிந்துகொள்ளமாட்டார். எதிரியை வீழ்த்தியவர் பெயரே திரையில் பளிச்சிடும், ஆற்றியவர் பெயர் அவ்வளவாகப் பேசப்படாது. ஆனால் பிலிப்பைன்ஸின் 'பிளாக்லிஸ்ட் இன்டர்நேஷனல்' என்னும் அணி 2021-இல் இந்த நாயகரையே தன் ஆட்டமுறையின் நடுவில் நிறுத்தியது. ஐவரும் பிரியாமல் ஒன்றாக இயங்குவது, ஒருவர் அடிபட்டால் உடனே ஆற்றுவது, எதிரி களைத்துப்போகும்வரை நிலைத்து நிற்பது என்பதே அம்முறை. நெருங்கிய பிணைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, அந்நாட்டார் விரும்பி உண்ணும் ஊதாநிற வள்ளிக்கிழங்கின் பெயராகிய 'ஊபே' என்பதையே அம்முறைக்குச் சூட்டினர்.

அவ்வணியில் எஸ்டெஸ் நாயகரால் பெயர்பெற்றவர் 'ஓமைவீனஸ்' என்னும் ஆட்டப்பெயர் கொண்டவர். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த மூன்றாம் உலகப் போட்டியில் பிளாக்லிஸ்ட் இடையில் தோல்வியுற்றுக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டும், ஏறிவந்து, இறுதிப்போட்டியில் ஒனிக் பிலிப்பைன்ஸ் அணியை 4-0 என வென்றது. எதிரணிகள் அதற்குள் எஸ்டெஸுக்கு அஞ்சக் கற்றிருந்தன. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் முன்னர், குறிப்பிட்ட சில நாயகர்களை எவரும் தெரிந்துகொள்ளாதபடி விலக்கிவைக்கும் உரிமை இரு அணிகளுக்கும் உண்டு. கொல்லுபவர்களை விட்டுவிட்டு ஆற்றுபவரை விலக்கி வைக்க எதிரணிகள் அவ்வுரிமையைச் செலவிட்டன என்பது எண்ணத்தக்கது.

இதனை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எஸ்டெஸ் ஆற்றுவதும் இறுதியில் எதிரியின் தளத்தைத் தகர்ப்பதற்கே. அது பண்டுவமனையன்று, போர்க்களமே. ஆயினும் போரின் உருவத்தில் அமைந்த ஓர் ஆட்டமும் தன் ஆழத்தில் வேறொரு பண்பைப் பயிற்றக்கூடும் என்பதற்கு இது சான்று. சதுரங்கமும் போரின் உருவமே. அதனை ஆடுபவரைக் கொலைஞர் என்று நாம் சொல்லுவதில்லை.

3. தேசங்களின் அரங்கு

ஈ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டுப் போட்டிகள் இவ்வாட்டத்தைச் சுற்றி ஓர் அரங்கையே எழுப்பிவிட்டன. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேஷியாவிலும் தொழில்முறைப் போட்டித்தொடர்கள் 2018-இல் தொடங்கின. முதல் உலகப் போட்டி 2019 நவம்பரில் கோலாலம்பூரில் நடைபெற்றது. இந்தோனேஷியாவின் இரண்டு அணிகளே இறுதியில் மோத, ஈவோஸ் அணி 4-3 என வென்றது. அதற்கடுத்த மாதமே, பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கம் வழங்கப்பட்டது. இவ்வாட்டத்தின் பொற்பதக்கத்தைப் பிலிப்பைன்ஸ் பெற்றது. அதன்பின் இரண்டாம் உலகப் போட்டி முதல் 2024 டிசம்பரில் நடந்த ஆறாம் போட்டி வரை, தொடர்ந்து ஐந்து முறையும் பட்டம் பிலிப்பைன்ஸ் அணிகளுக்கே சென்றது. ஒலிம்பிக் வரலாற்றில் 2021 வரை ஒரு பொற்பதக்கத்துக்குக் காத்திருந்த நாடு அது என்பதை நினைவிற்கொண்டால், அம்மக்கள் அடைந்த மகிழ்ச்சியின் அளவு விளங்கும்.

இவ்வரங்கில் நிகழ்ந்த இரண்டு இறுதிப்போட்டிகளை இங்கே குறிப்பிடுவோம்.

2021 ஜனவரி 24 அன்று சிங்கப்பூரில் இரண்டாம் உலகப் போட்டியின் இறுதி ஆட்டங்கள். பிலிப்பைன்ஸின் பிரென் அணியும் மியான்மரின் பர்மீஸ் கூல்ஸ் அணியும் ஏழாவது ஆட்டம்வரை போராடின. 4-3 எனப் பிரென் வென்றது. தோற்றவர்கள் தங்கள் நாட்டில் வீரர்களாகப் போற்றப்படத்தக்கவர்கள். ஆனால் எட்டே நாட்களில், பிப்ரவரி 1 அன்று, மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. இணையத் தொடர்புகள் அடிக்கடி துண்டிக்கப்பட்டன. விளையாட்டில் வீழ்ந்த நாயகர் சில நொடிகள் காத்திருந்து மீண்டும் எழுவார்; தெருவில் வீழ்ந்த இளைஞர் எழவில்லை. களத்தைச் சூழ்ந்துள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அந்த ஒரு கிழமை காட்டிற்று.

மற்றொன்று, 2023 டிசம்பரில் மணிலாவில் நடந்த ஐந்தாம் உலகப் போட்டியின் இறுதி. ஒருபுறம் பிலிப்பைன்ஸின் ஏபி பிரென்; மறுபுறம் இந்தோனேஷியாவின் ஒனிக். ஆனால் ஒனிக் அணியின் முதன்மை ஆட்டக்காரராகிய கைரி ஒரு பிலிப்பினோ இளைஞர். அண்டைநாட்டு அணியின் அழைப்பை ஏற்றுச் சென்றவர். தன் நாட்டு மக்கள் நிறைந்த அரங்கில், அவர்கள் எதிரணிக்காக ஆர்ப்பரிக்க, அவர் ஆடினார். 4-3 எனப் பிரென் வென்றது. 2021-இல் வென்ற பிரென் அணியில் இருந்த கார்ல்ட்ஸி இம்முறையும் வென்றவர்களுள் ஒருவர். பிலிப்பைன்ஸ் மக்கள் தம் பிள்ளைகளைப் பிறநாடுகளுக்குச் செவிலியராகவும் மாலுமிகளாகவும் வீட்டுப்பணியாளராகவும் அனுப்பிப் பழகியவர்கள். இன்று ஆட்டக்காரரையும் பயிற்சியாளரையும் அனுப்புகின்றனர். அந்த இரவு கைரி தோற்றது ஓர் ஆட்டத்தில் மட்டுமோ என்று நாம் எண்ணிப்பார்த்தோம்.

4. சந்தையின் சக்கரம்

இதுவரை நாம் புகழ்ந்தது களத்தை. களத்தின் வாயிலில் ஒரு கடை இருக்கிறது. அதனைப் பற்றி நாம் அவ்வாறு பேச இயலாது.

பிரெஞ்சு அறிஞர் ரோஜர் கையுவா 1958-இல் விளையாட்டுக்களை நான்கு வகைகளாகப் பிரித்தார். போட்டி ஒன்று, அதில் திறமை தீர்ப்புச் செய்யும். தற்செயல் மற்றொன்று, அதில் பகடை தீர்ப்புச் செய்யும். பாவனையும் தலைசுற்றலும் ஏனைய இரண்டு. இப்பகுப்பு நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுகிறது. மொபைல் லெஜண்ட்ஸின் களம் போட்டியின் ஆட்சிக்குட்பட்டது. அதன் கடையோ தற்செயலின் ஆட்சிக்குட்பட்டது.

நாயகர்களுக்கு அணிவிக்கும் அலங்கார உடைகள் 'ஸ்கின்' எனப்படும். உண்மைப் பணத்தைக் கொடுத்து 'வைரம்' வாங்கவேண்டும். வைரத்தைக் கொடுத்து உடை வாங்கவேண்டும். இவற்றுள் அரியவை நேரடியாக விலைக்குக் கிடைப்பதில்லை. சுழலும் சக்கரம் ஒன்றைப் பன்முறை சுழற்றி, அதிர்ஷ்டம் வாய்த்தால் பெறவேண்டும். வாய்க்காவிடில் குறித்த எண்ணிக்கை நிறையும்வரை மேலும் மேலும் சுழற்றவேண்டும். ஒரு சுழற்சியின் விலை சிறிது. மொத்தத்தின் விலையோ சுழற்றத் தொடங்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. திருவிழாக் கடைகளில் சக்கரஞ்சுற்றிப் பொம்மை தருவதாகச் சொல்லுபவனை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அவனிடம் செல்லாதே என்று தடுக்கப் பெற்றோர் அருகில் இருந்தனர். இந்தச் சக்கரம் போர்வைக்குள் சுழலுகிறது.

களத்தில் 'எல்லாரும் ஒரே படி' என்று கற்பிக்கும் அதே செயலி, கடையில் 'அவனுக்கு இருப்பது உனக்கு இல்லை' என்று கற்பிக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணான போதனைகள். முன்னதை விளையாட்டு என்போம். பின்னது விளையாட்டின் உடையணிந்த வாணிகம்.

தரவரிசை முறையையும் இங்கே நோக்குதல் வேண்டும். வென்றால் ஒரு நட்சத்திரம் கூடும். தோற்றால் ஒன்று குறையும். எலீட், எபிக், மித்திக் என்று ஏறுபடிகள் பல. ஆனால் ஒவ்வொரு பருவமும் முடியும்போது ஆட்டக்காரர் சில படிகள் கீழே இறக்கப்படுகிறார், மீண்டும் ஏறவேண்டும். அழிவுள்ள கிரீடத்துக்காக ஓடுபவரைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியார், அந்தக் கிரீடம் வாடுவதற்குச் சில நாட்களாவது ஆகும் என்பதை அறிந்திருந்தார். இங்கே வாடும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. ஏனெனில் வாடினாலன்றி ஆட்டக்காரர் திரும்பி வரமாட்டார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் அதன் இலக்கணம் கண்டிப்பானது. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகள் யாவற்றினும் ஆட்டம் மேலோங்குதல், தீங்கு விளைந்தும் நிறுத்தாமை ஆகியவை பொதுவாக ஓராண்டளவாவது காணப்படவேண்டும் என்பது விதி. அதிக நேரம் ஆடும் ஒவ்வொரு பிள்ளையையும் நோயாளி என்று அழைக்க அது நமக்கு உரிமை தரவில்லை. அதே வேளையில், 2021 ஆகஸ்டில் சீன அரசு, 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மாலை 8 முதல் 9 மணிவரை மட்டுமே இணைய ஆட்டங்களை ஆடலாம் என்று வரம்பிட்டதையும் மறத்தலாகாது. ஆட்டத்தை ஆக்கிய நாட்டில் பிள்ளைகளுக்கு வேலி இடப்பட்டது. அவ்வேலி அந்நாட்டின் எல்லையோடு நின்றுவிட்டது. மணிலாவிலும் ஜகார்த்தாவிலும் உள்ள பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை.

5. களம் யாருடையது?

இப்பொழுது நாம் நம் கட்டுரையின் மையக் கேள்விக்கு வருகிறோம்.

இந்த ஆட்டவகையை முதன்முதலில் ஆக்கியவர் எந்த நிறுவனமும் அன்று. 'வார்கிராஃப்ட் 3' என்னும் கணினி ஆட்டத்தை வாங்கிய ஆர்வலர்கள், அதனோடு வந்த கருவிகளைக்கொண்டு தாமே ஒரு களத்தை வரைந்து, 2003-இல் 'டோட்டா' என்ற பெயரில் ஊதியமின்றிப் பொதுவில் வைத்தனர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்து அதனைச் செம்மைப்படுத்தினர். நம் ஊர்ப்புறத்து ஆட்டங்களைப்போல் அது யாருக்கும் உரிமையற்றதாய், எல்லாருக்கும் உரியதாய் வளர்ந்தது. பின்னர் 2009-இல் ரயட் நிறுவனம் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. டோட்டா என்ற பெயர் யாருக்குரியது என்று வால்வ், பிளிசார்ட் என்னும் இரு நிறுவனங்கள் வழக்காடி 2012-இல் உடன்பாடு செய்துகொண்டன. 2017-இல் ரயட் மூன்டன்மீது வழக்குத் தொடுத்தது. ரயட்டின் உடைமையாளராகிய டென்சென்ட் 2018-இல், தன்னிடம் முன்னர்ப் பணிபுரிந்த மூன்டன் தலைவர்மீது சீன நீதிமன்றத்தில் 1.94 கோடி யுவான் இழப்பீடு பெற்றது. 2021-இல் பைட்டான்ஸ் நிறுவனம் மூன்டனையே விலைக்கு வாங்கியது. கொடையாகப் பிறந்த ஒன்று இவ்வாறு சொத்தாயிற்று.

நாயகர்களின் கதையும் இதுவே. இவ்வாட்டத்தில் லாபு-லாபு என்றொரு நாயகர் உண்டு. 1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவின் கரையில் மெகல்லனை எதிர்த்து நின்ற பிலிப்பைன்ஸ் தலைவர் அவர். அப்போரில் மெகல்லன் மாண்டான். காதூட்காச்சா என்றொரு நாயகரும் உண்டு. அவர் நாம் அறிந்த கடோற்கசனே. பாரதக் கதை சாவகத்துக்குச் சென்று, நிழற்பாவைக் கூத்தில் ஊறி, அந்நாட்டாரின் சொந்த வீரனாகவே ஆகிவிட்ட பீமன் மகன். தம் முன்னோரின் பெயர்கள் உலக ஆட்டமொன்றில் ஒலிப்பதைக் கேட்டு அவ்விரு நாட்டு இளைஞரும் மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சி இயல்பானது. எனினும், அந்நியக் கப்பற்தலைவனுக்குப் பணிய மறுத்தவரின் உருவம் அந்நிய நிறுவனமொன்றின் விற்பனைப் பொருளாகியிருப்பதை எண்ணுகையில், நம் மகிழ்ச்சி சற்றே தயங்குகிறது.

அணிகளும் இந்நியதிக்கு விலக்கல்ல. 2023 ஜனவரியில் ஜகார்த்தாவில் பிளாக்லிஸ்டை 4-0 என வீழ்த்தி உலகப் பட்டம் வென்ற அணி எக்கோ. அடுத்த ஆண்டே அதனை டீம் லிக்விட் என்னும் மேலைநாட்டு நிறுவனம் வாங்கிற்று; எக்கோ என்ற பெயர் மறைந்தது. 2024-இல் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் 30 இலட்சம் டாலர் பரிசுத்தொகையுடன் ஒரு போட்டி நடந்தது; மலேசியாவின் செலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அதில் வென்றது. தோற்ற பிரென் அணி அதற்குள் சவூதியின் ஃபால்கன்ஸ் பெயரைத் தன் பெயர்க்கு முன்னே ஏந்தியிருந்தது. தெருவில் பிறந்த ஆர்வம் எத்துணைத் தொலைவிலுள்ள கைகளுக்குள் சென்றுவிட்டது!

பந்தாட்டத்துக்கு உடைமையாளர் இல்லை. ஒரு சங்கம் கலைந்தாலும், ஓர் அரங்கு மூடப்பட்டாலும், பந்தும் வெட்டவெளியும் இருந்தால் ஆட்டம் நடக்கும். மொபைல் லெஜண்ட்ஸ் அப்படிப்பட்டதன்று. விதிகளை வகுப்பவர், களத்தை வைத்திருப்பவர், கடையை நடத்துபவர், உலகப் போட்டியை ஏற்பாடு செய்பவர் யாவரும் ஒருவரே. ஒரு திருத்தப் பதிப்பினால் ஒரு நாயகரின் ஆற்றலை அவர் குறைத்துவிட்டால், அந்நாயகரைப் பயில ஓர் இளைஞன் செலவிட்ட ஈராண்டு உழைப்பு ஓர் இரவில் பயனற்றுப்போகும். முறையிட இடமில்லை. அரசொன்று தடைவிதித்தால் என்ன நேரும் என்பதை 2020-இல் இந்திய ஆட்டக்காரர் கண்டனர். பல்லாண்டாகச் சேர்த்த தரமும் பணங்கொடுத்துப் பெற்ற உடைகளும் அவர்கள் கைக்கு எட்டாதனவாயின. அவை ஒருநாளும் அவர்களுடையனவாக இருந்ததில்லை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

ஆகவே நம் தீர்ப்பு இது: இவ்வாட்டத்தின் குறை அதன் களத்தில் இல்லை, களம் நல்லது. குறை, அக்களத்தை உழுது பயிரிடும் இலட்சக்கணக்கான இளைஞருக்கு அதில் ஒரு பிடி மண்ணும் உரிமையாகாமையில் இருக்கிறது. அவர்கள் தம்மை வீரர் என்று எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் குத்தகைப் பத்திரமும் இல்லாத குடியானவர்.

6. ஆயர் செய்யத்தக்கது

இத்தீர்ப்பிலிருந்து நம்மனோர்க்குச் சில கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, கண்டனத்தை உரிய இடத்தில் வைத்தல். ஆட்டத்தைக் கண்டித்துச் சக்கரத்தைக் காணாமல் விடுபவர், பிள்ளையை அடித்துச் சூதாட்டக்காரனை விட்டுவிடுபவரை ஒப்பர். இரண்டாவது, கேட்டல். 'எவ்வளவு நேரம் ஆடினாய்?' என்று கேட்பதற்குமுன் 'உன் அணியில் உன் வேலை என்ன?' என்று கேட்போமாக. அவ்வினாவுக்கு விடைசொல்லும் வாலிபன் தன்னைப் பற்றியே நமக்குச் சொல்லுகிறான். மூன்றாவது, தொழில்முறை ஆட்டத்தை நாடும் இளைஞனுக்கு உண்மையுரைத்தல். அரங்கின் ஒளி சிலர்மேலேயே விழும். அதுவும் சில ஆண்டுகளுக்கே. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், படிப்பைக் கைவிடாதிருக்கவும் சொல்ல ஒரு மூத்தவர் அவனருகில் வேண்டும். அம்மூத்தவர் ஆட்டத்தை அறவே வெறுப்பவராக இருந்தால் அவன் செவிகொடான்.

மணிலாவின் அந்த இளைய மாணவரிடம் நாம் விடைபெறும்போது, இவ்வாட்டம் ஒருநாள் நிறுத்தப்பட்டுவிட்டால் என்ன செய்வீர் என்று வினவினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர்த் திண்ணையில் அமர்ந்திருந்த மற்ற நால்வரையும் காட்டி, இவர்கள் இருப்பார்களே என்றார்.

மீண்டும் எழுப்பப்படும் எருசலேமைத் தரிசித்த சகரியா தீர்க்கதரிசி, அதன் வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடக் கண்டார். நகரம் நலம்பெற்றதற்கு அவர் கண்ட அடையாளங்களுள் அதுவும் ஒன்று. அவ்வீதிக்கு வாயிற்கட்டணம் இருந்ததாக அவர் கூறவில்லை. கைப்பேசித் திரையில் களம் அமைத்தவர்கள் ஒருநாள் அதனை மூடிவிடலாம். அந்த ஐவரும் கூடி அமரத் திண்ணை ஒன்றைத் திறந்து வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.